ராப் பாடகர் படக் கம்பெனி ஆரம்பிப்பது எப்படி? வேலூர்த் தம்பிக்கு ஒரு பதில்

சத்துவாச்சாரியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று வருடமாக ராப் எழுதிப் பாடுகிறார், ஏழு பாட்டு யூடியூபில் இருக்கிறது. பீட், அதாவது பாட்டுக்கான தாள இசை, போட்டுக் கொடுப்பது குடியாத்தத்து நண்பர், வீடியோ எடுப்பது காட்பாடி நண்பர். எல்லோருமாகச் சேர்ந்து 15 லட்சம் வரை புரட்ட முடியுமாம். "அமெரிக்காவில் ராப் பாடகர்கள் சொந்தப் படக் கம்பெனி வைத்து ஜெயித்திருக்கிறார்கள், இங்கே ஹிப்ஹாப் தமிழா ஆதியும் ஆரம்பித்துவிட்டார், வேலூரில் இருந்தபடி நாங்களும் ஆரம்பிக்கலாமா, முதலில் என்ன செய்ய வேண்டும்" என்பது கேள்வி.

தம்பி, ஆரம்பிக்கலாம். ஆனால் கம்பெனி பேனருக்கு என்ன பெயர், லோகோ எப்படி என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் ஏழு பாட்டும் இன்றைய தேதியில் யாருக்குச் சொந்தம்? இதற்குப் பதில் இருந்தால்தான் மற்றதைப் பேச முடியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

நான், படச்சுருள் பெட்டியில் வந்த காலத்தில் இந்தப் பட வியாபாரத்துக்கு வந்தவன். விநியோகஸ்தரின் ரெப்பாக, அதாவது பிரதிநிதியாக, ஆம்பூர், வாணியம்பாடி, ஆரணி என்று தியேட்டர் தியேட்டராக உட்கார்ந்து டிக்கெட் கட்டை எண்ணியிருக்கிறேன். அப்புறம் சின்னப் படங்களை எங்கள் ஏரியாவுக்கு எடுத்து ஓட்டினேன். திருவண்ணாமலை 1989-லேயே தனி மாவட்டமாகிவிட்டது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டன. ஆனாலும் பட வியாபாரத்தில் இன்றைக்கும் எங்கள் பக்கத்துக்குப் பெயர் வடஆற்காடுதான். தென்ஆற்காடு, செங்கல்பட்டையும் சேர்த்து என்.எஸ்.சி. என்று ஒரே மூச்சில் சொல்வது பழைய வழக்கம். அரசாங்க வரைபடத்தில் இல்லாத ஒரு மாவட்டத்தை நாங்கள் இன்னமும் விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அமெரிக்கக் கதைக்கு வருவோம். அங்கே ராப் பாடகர்கள் ஆரம்பித்த படக் கம்பெனிகளில் நீங்கள் கவனிக்க வேண்டியது மாஸ்டர் பி. நியூ ஆர்லியன்ஸில் ஏழைகள் வாழும் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். தாத்தா இறந்தபோது இழப்பீடாக வந்த 10,000 டாலரை வைத்து, 1990-ல் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் ஊரில் ஒரு பாட்டுக் கேசட் கடை போட்டார். கடைக்குப் பெயர் நோ லிமிட். கடையில் உட்கார்ந்ததால் எந்தப் பையன் என்ன கேட்டு வருகிறான், எது விற்கிறது, எது தூசி படிகிறது என்று கண்ணால் பார்த்தார். பிறகு தானே பாடி, காரின் டிக்கியில் கேசட்டை வைத்து ஊர் ஊராக விற்றார். பெரிய கம்பெனிகள் பேச வந்தபோது அவர் கையில் ஏற்கெனவே ஒரு வியாபாரம் இருந்தது. 1996-ல் பிரியாரிட்டி ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டபோது விநியோகத்தை மட்டும் அவர்களிடம் கொடுத்தார். மாஸ்டர், அதாவது பாட்டின் மூல ஒலிப்பதிவு, அவர் பெயரிலேயே இருந்தது.

அடுத்த வருடம் படம் எடுத்தார். 1997-ல் வந்த அந்த முதல் படத்தை அவர் தியேட்டருக்குக் கொண்டுபோகவில்லை. நேராக வீடியோ கேசட்டாகப் போட்டு, தன் பாட்டு எந்த வழியில் போனதோ அதே வழியில் விற்றார். பாட்டு வாங்க வந்தவனே படத்தையும் வாங்கினான். படத்துக்கென்று தனியாக ஆள் தேடவில்லை, தனியாகக் கடை தேடவில்லை. அடுத்த வருடம், 1998-ல், டைமென்ஷன் ஃபிலிம்ஸ் வழியாக அவர் படம் தியேட்டருக்கே வந்தது. இந்த வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன்: முதலில் கடை, அப்புறம் பாட்டு, அப்புறம் பாட்டின் உரிமை, அப்புறம் வீடியோ, கடைசியில் தியேட்டர். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் அடியே தியேட்டரில் வைக்கிறார்கள்.

ஐஸ் கியூப் இன்னொரு வகை. என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவில் பாட்டெழுதிக் கொடுத்தும் தனக்கு வர வேண்டிய பணம் சரியாக வரவில்லை என்று 1989-ல் வெளியே வந்தவர். 1991-ல் இயக்குநர் ஜான் சிங்கிள்டன் படத்தில் நடித்தார். நீயே திரைக்கதை எழுது என்று தூண்டியதும் சிங்கிள்டன்தான். நண்பர் டி.ஜே. பூவுடன் சேர்ந்து கியூப் எழுதிய 'ஃபிரைடே' 1995-ல் வந்தது. செலவு சுமார் 35 லட்சம் டாலர், படப்பிடிப்பு 20 நாள், வசூல் 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். கதை பெரும்பாலும் ஒரே தெருவில், ஒரே நாளில் நடக்கிறது. இயக்குநர் எஃப். கேரி கிரேவுக்கு அது முதல் படம். அதற்கு முன் கியூபுக்கு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுத்தவர் அவர். தான் வளர்ந்த தெருவிலேயே கேமராவை வைத்தார். 2015-ல் அவர்கள் இருவரும் மறுபடி சேர்ந்து என்.டபிள்யூ.ஏ.வின் சொந்தக் கதையையே படமாக்கினார்கள். 2 கோடியே 80 லட்சம் டாலர் செலவு, 20 கோடி டாலருக்கு மேல் வசூல். உங்கள் காட்பாடி நண்பரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பாட்டுக்கு வீடியோ எடுப்பவரைக் கல்யாண வீடியோக்காரர் போல நடத்தாதீர்கள். நாளைக்கு உங்கள் கம்பெனியின் முதல் இயக்குநர் அவராக இருக்கலாம்.

ஆனால் இதே கியூப் கதையில் ஒரு முள் இருக்கிறது. கியூப் விஷன் என்று சொந்தக் கம்பெனி, அத்தனை படம், அத்தனை பெயர். இருந்தும் அந்த 1995 படத்தின் உரிமை நியூ லைன் ஸ்டுடியோ வழியாக வார்னர் பிரதர்ஸிடம் போய்விட்டது. அடுத்த பாகம் எடுக்க அவர்கள் வழிவிட வேண்டும் என்று பல வருடம் அவரே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியதும் நடித்ததும் அவர், அந்தப் பாத்திரங்களை ஜனங்களிடம் கொண்டுபோனது அவர் முகம். ஆனாலும் சாவி இன்னொருவர் கையில்.

மற்ற ராப் பாடகர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில் ஸ்மித் 1998-ல் ஜேம்ஸ் லாசிட்டருடன் ஓவர்புரூக் என்ற கம்பெனி ஆரம்பித்தார். பிலடெல்பியாவில் அவர் படித்த பள்ளியின் பெயர் அது. குயின் லத்தீஃபா தன் நண்பர் ஷக்கிம் கம்பேருடன் பிளேவர் யூனிட் நடத்துகிறார். 50 சென்ட் சினிமாவில் தொடங்கி டி.வி. தொடர்களில்தான் பெரிதாகக் கால் ஊன்றினார். இவர்கள் கதை நமக்கு அவ்வளவாக உதவாது. கம்பெனி ஆரம்பிக்கும்போதே உலகம் அறிந்த ஆட்கள்.

நம்மூருக்கு வந்தால், ஆதியின் பாதையை வருடத்தோடு பாருங்கள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. 2012-ல் ஆல்பம். 2015-ல் சினிமா இசையமைப்பாளர். 2017-ல் 'மீசைய முறுக்கு' படத்தை எழுதி இயக்கி நடித்தார், ஆனால் தயாரிப்பு சுந்தர்.சி.யின் அவ்னி மூவிஸ். ஹிப்ஹாப் தமிழா என்டர்டெயின்மென்ட் என்று சொந்தப் பேனரில் 'கடைசி உலகப் போர்' வந்தது 2024-ல். ஆல்பத்துக்கும் அதற்கும் நடுவில் 12 வருடம். அந்த 12 வருடத்தில் அடுத்தவர் பணத்தில் எழுதவும் இயக்கவும் கற்றுக்கொண்டார், கூடவே தன் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்.

இன்னொருவர் எங்கள் மண்ணின் பிள்ளை. ராப் பாடகர் அறிவு, அரக்கோணத்துக்காரர். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் பாடி, 2019-ல் 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது, தேநீர்க் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் ஒரு வடஆற்காட்டுப் பையன் தன் பாட்டியைப் பற்றி எழுதிய வரியைக் கேட்டு நான் நின்றுவிட்டேன். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு. ஆனால் அந்தப் பாட்டில் இருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று அதன் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வீடியோ போட்டுச் சொன்னார். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாட்டு ஜெயிப்பதும் பாடினவன் கைக்குப் பணம் வருவதும் வேறு வேறு விஷயம் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நம் பக்கத்தில் கிடையாது.

இனி உங்கள் ஏழு பாட்டு. நான் கேட்க நினைப்பது இதுதான்: குடியாத்தத்து நண்பர் போட்ட பீட் எல்லாம் அவரே போட்டதா? ஒன்றிரண்டாவது யூடியூபில் இலவசம் என்று கிடந்த பீட்டா? அந்த 'இலவசம்' பெரும்பாலும் காசு வாங்காமல் பாடிப் பழகத்தான் பொருந்தும். காசு கொடுத்து லீஸ் எடுத்தாலும் அதே பீட்டை இன்னும் நூறு பேருக்கு விற்பார்கள், சினிமாவில் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும் என்று அடியில் எழுதியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் பாட்டு ஒரு சின்னப் படத்தில் இடம்பிடித்தது. வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு எங்கோ வெளிநாட்டில் இருந்து அந்த பீட்டுக்குச் சொந்தக்காரர் உரிமை கோரினார். படத்தில் இருந்து பாட்டைத் தூக்கிவிட்டார்கள். அம்மா, தங்கை எல்லோரையும் முதல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான் அந்தப் பையன். இடைவேளையில் வெளியே வந்து போஸ்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 2012-ல் செய்த திருத்தம் பாட்டெழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் பெரிய துணை. பாட்டின் உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் மாற்றலாம். ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் அதை வசூலித்துக் கொடுக்கிறது. எழுதினவர் என்று நீங்களும், இசை என்று உங்கள் நண்பரும் அதில் உறுப்பினராகச் சேருங்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் எத்தனை வருடத்துக்கு என்று போடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்தெந்த நாட்டுக்கு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும். நாலு நண்பர்கள் வாய்ப்பேச்சில் நடத்துகிற கம்பெனிக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். ஆறாவது வருடம் அந்தப் பாட்டை ஒரு பெரிய படம் கேட்டு வருகிறது, அதற்குள் நண்பர்களுக்குள் பேச்சு நின்றுபோயிருக்கிறது என்றால், கம்பெனி கையில் என்ன இருக்கும்?

எங்கள் பக்கத்துக் கூத்து ஜமாவை, அதாவது தெருக்கூத்துக் குழுவை, கவனித்திருக்கிறீர்களா? ராத்திரி முழுக்கப் பாரதம் ஆடி முடித்து, விடிந்ததும் வேஷக் கட்டையை அவிழ்த்துப் பெட்டியில் வைக்கும்போதே காசைப் பங்கு போடுவார்கள். வேஷம் கட்டினவருக்கு எவ்வளவு, மத்தளத்துக்கு எவ்வளவு, ஆர்மோனியப் பெட்டிக்கு எவ்வளவு என்பது ஆட்டத்துக்கு முன்பே பேசினது. அந்தத் தெளிவை நீங்கள் காகிதத்தில் கொண்டுவந்தால் போதும்.

கம்பெனிப் பதிவுக்கு வருகிறேன். நாலு பேர் சேர்வதால் சாதாரணக் கூட்டாண்மை வேண்டாம். அதில் ஒருவர் கம்பெனி பெயரில் வாங்கின கடன் எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டும். எல்.எல்.பி. என்று 2008 சட்டத்தில் வந்த முறையில் பொறுப்பு அவரவர் போட்ட முதலோடு நின்றுவிடும். கம்பெனி பெயரில் பான், வங்கிக் கணக்கு. ஆடிட்டர் இதையெல்லாம் வேலூர் காந்தி ரோட்டில் உட்கார்ந்தே முடித்துக் கொடுப்பார். சென்னைக்குப் போக வேண்டியது தியேட்டர் படம் என்று முடிவு செய்த பிறகுதான். தயாரிப்பாளர் சங்கம், வர்த்தக சபை, கில்டு இதில் ஒன்றில் உறுப்பினராகி, பேனரையும் படத் தலைப்பையும் பதிய வேண்டும். அப்புறம் ஃபெப்சி என்ற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்து ஆட்களின் சம்பளம், சென்சார். படத்தில் ஒரு ஆடு மாடு வந்தால்கூட விலங்குகள் நல வாரியத்தின் சான்று வேண்டும். ஆட்டுக்கிடாயை ஆசைக்காக ஒரு காட்சியில் கட்டிப்போட்டுவிட்டு, பிறகு காகிதத்துக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும். வேலூர்க் கோட்டைக்குள் ஷூட்டிங் வைக்கலாம் என்று ஆசை இருக்கும். அது தொல்லியல் துறையிடம் இருக்கிறது, முன் அனுமதி இல்லாமல் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

தியேட்டர் கணக்கு ஒன்று சொல்கிறேன், பயமுறுத்த இல்லை, தெரிந்துகொள்ள. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. இப்போது 5 சதவீதம், அதற்கு மேல் 18. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த நிலை. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு 100 ரூபாய் டிக்கெட்டில் 40 பேர் வந்தால் வசூல் 4,000. ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் போக 3,500, 3,600 தேறும். தெரியாத முகங்கள் நடித்த படத்துக்குப் பாதிக்குப் பாதி என்று தியேட்டர்காரர் ஒத்துக்கொண்டால் உங்கள் பங்கு 1,800 வாக்கில். அதில் விநியோகஸ்தர் கமிஷன், போஸ்டர், ஒட்டுகூலி, டிஜிட்டல் திரையிடலுக்காக அந்தக் கம்பெனிக்குக் கட்டும் வி.பி.எஃப். கட்டணம் எல்லாம் போக வேண்டும். எம்.ஜி. கொடுத்து, அதாவது இவ்வளவுக்குக் குறையாது என்று முன்பணம் வைத்து விநியோகஸ்தர் படத்தை வாங்குகிற காலம் சின்னப் படங்களுக்கு முடிந்துவிட்டது. நீங்களே கையில் இருந்து போட்டு ஓட்டினால்தான் உண்டு.

பணத்தைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் பெட்டி வரவில்லை என்றால் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்போம். இப்போது படம் முதல் நாள் ராத்திரியே சர்வரில் ஏறி உட்கார்ந்திருக்கும், திறக்கிற சாவி மட்டும் வராது. கே.டி.எம். என்பார்கள். பைனான்சியர் பாக்கி தீராவிட்டால் சாவி வெளியே வராது. இன்றைக்கும் அதை லேப் லெட்டர் பிரச்சினை என்றுதான் சொல்வோம், ஃபிலிம் பிரிண்ட் போட்ட லேப் எல்லாம் போன பிறகும். நான் எடுத்து ஓட்டிய ஒரு படத்துக்குக் காலை 11 மணிக் காட்சி போட்டிருந்தோம். ஆபரேட்டர் அறையில் திரையில் படத்தின் பெயர் தெரிகிறது, பக்கத்தில் பூட்டுப் படம். கீழே காலேஜ் பிள்ளைகள் அறுபது எழுபது பேர். 11.40-க்கு மேனேஜர் மைக்கில் "தொழில்நுட்பக் காரணம்" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சாவி வந்தது 2 மணிக்கு. மாலைக் காட்சிக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் வரவில்லை. சினிமாவுக்கு வட்டிக்கு வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கு அந்த மூன்று மணி நேரம்தான் காரணம்.

ஆகவே 15 லட்சத்தில் தியேட்டர் படம் வேண்டாம். மாஸ்டர் பி செய்ததைச் செய்யுங்கள். உங்கள் பாட்டைக் கேட்கிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே படத்தைக் கொண்டுபோங்கள். நாலு பாட்டு உள்ள, முக்கால் மணி நேரத்துக்குள் அடங்குகிற ஒரு கதை. யூடியூபில் போட சென்சார் சான்றிதழ் தேவையில்லை, அது பொதுத் திரையிடலுக்குத்தான். இரண்டு தெரு, ஆறு நடிகர், பத்து நாள். பணத்தில் பாதியைப் படத்துக்கு வையுங்கள். மீதியைத் தொடாதீர்கள், அது இரண்டாவது படத்துக்கு.

கதைக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. ஆம்பூர் தோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்து வரும் பையன் தமிழிலும் உருதுவிலும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறான். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் தெலுங்கும் கலந்து வருகிறது. சித்தூரே 1911 வரை வடஆற்காட்டில் இருந்ததுதானே. சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் வங்காளத்தில் இருந்து வந்த குடும்பங்கள் லாட்ஜ் தேடி நிற்கின்றன. பாலாறு மணல்தான், தண்ணீர் வந்த வருடம் ஊரே பாலத்தில் ஏறி நின்று பார்க்கிறது. இந்த மூன்று மொழித் தாளமும் ராப்புக்கென்றே வந்த மாதிரி இருக்கிறது. சென்னை கானாவின் சாயலில் நீங்கள் பாடிய மூன்றாவது பாட்டைவிட, வேலூர் லாங்கு பஜார் பேச்சு அப்படியே வரும் ஆறாவது பாட்டு எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஏழு பாட்டுக்கும் ஏழு தாள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் வரி யார், பீட் யார், குரல் யார், பதிவு செய்ய யார் பணம் கொடுத்தது, வீடியோ யார் என்று எழுதுங்கள். குடியாத்தத்து நண்பரையும் காட்பாடி நண்பரையும் கூப்பிட்டு, யாருக்கு எத்தனை சதவீதம், எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், நீங்களும் போட்டுக் கொடுங்கள். பீட் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பாட்டு இருந்தால் அந்தத் தாளைத் தனியாக வையுங்கள், அதைப் படத்தில் சேர்க்க வேண்டாம். மிச்சம் எத்தனை தாள் என்று எண்ணிச் சொல்லுங்கள், எல்.எல்.பி. பத்திரத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று அதை வைத்துப் பேசுவோம்.